இன்லே ஏரி மீனும் மீன்பிடியும்: நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பர்மாவுல ஷான் மாநிலத்துல தௌங்ஜி, காலோ, நியாங்ஷ்வே பக்கம் இருக்குற தமிழ்க் குடும்பங்களும் சரி, ரங்கூன்லேர்ந்து லீவுக்கு ஏரி பாக்க வர்ற சொந்தக்காரங்களும் சரி, ஏரி மீனைப் பத்தி கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்க எழுதி வச்சுட்டேன். யாராவது கேட்டா இதை அனுப்பிடுங்க.

இன்லே ஏரி உண்மையிலேயே எவ்வளவு ஆழம்?

பாத்தா கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கும், ஆனா ஆழம் ரொம்ப கம்மி. கோடையில சராசரியா 2 மீட்டர்தான், ரொம்ப ஆழமான இடத்துலயே 4 மீட்டருக்குள்ளதான். மழை வந்தா இன்னும் ஒன்றரை மீட்டர் ஏறும். நீளம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர், கடல் மட்டத்துலேர்ந்து 880 மீட்டர் உயரத்துல ரெண்டு பக்கமும் மலை வச்சுக்கிட்டு நடுவுல கிடக்கு. பர்மாவுல இதைவிட பெரிய ஏரி கச்சின் மாநிலத்துல இருக்குற இந்தோஜி ஒண்ணுதான். சுத்தி இருக்குறது சுண்ணாம்புக்கல் மலை, அதனால வர்ற தண்ணியில சுண்ணாம்பு சத்து அதிகம், நல்ல நாள்ல தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு இருக்கும், அடியில பாசி ஆடுறது படகுலேர்ந்தே தெரியும்.

ஆழம் இல்லாத ஏரின்னா மீனுக்கு நல்லதா கெட்டதா?

ரெண்டும்தான். வெயில் அடி வரைக்கும் இறங்குறதால தண்ணிக்குள்ள செடி காடா வளரும், அந்த செடிக்குள்ளதான் புழு, பூச்சி, நத்தை, மீன் குஞ்சு எல்லாம் இருக்கு, ஆழமான ஏரியில நடுவுல கிடைக்காத சாப்பாடு இங்க ஏரி முழுக்க கிடைக்கும். அதனாலதான் இவ்வளவு சின்ன ஆழத்துல இவ்வளவு மீன்.

கெட்டது என்னன்னா ஒளிஞ்சுக்க இடம் இல்ல. ஆழமான ஏரியில சூடு ஏறினா மீன் கீழ போயிடும், வலை வந்தா கீழ போயிடும், இங்க கீழன்னு ஒண்ணு கிடையாது. ராத்திரி முழுக்க செடியும் மூச்சு விடுறதால விடியக்காலையில தண்ணியில ஆக்சிஜன் ரொம்ப இறங்கும், அப்ப கெண்டை வகையெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், நீங்களே பாத்திருப்பீங்க. விராலுக்கும் தேளிக்கும் அந்தக் கவலை இல்ல, அதுங்க வெளிக்காத்தையே குடிச்சுக்கும்.

இதுல இன்னொரு விஷயத்தையும் சொல்லணும், இது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன். ஆழமில்லாத ஏரிக்கு ரெண்டு நிலை உண்டு. ஒண்ணு செடி நிறைஞ்ச தெளிஞ்ச தண்ணி, இன்னொண்ணு செடி செத்து, பச்சைப்பாசி கலங்கின தண்ணி. உரமும் மண்ணும் கொஞ்சம் கொஞ்சமா சேரும்போது ரொம்ப நாளைக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு அளவு தாண்டினா கொஞ்ச காலத்துலயே கலங்கல் பக்கம் சாஞ்சுடும். சாஞ்சப்புறம் உரத்தை நிறுத்தினாக்கூட உடனே திரும்பாது, ஏன்னா அடியில சேந்த சேறு ஒவ்வொரு காத்துக்கும் கிளம்பி கலங்கிக்கிட்டே இருக்கும், வெளிச்சம் இல்லாம செடி மறுபடி முளைக்காது. உலகத்துல நிறைய ஏரி இப்படிப் போயிருக்கு.

இன்லேயில மட்டும் இருக்குற மீன்னு சொல்றாங்களே, அது எது?

பல இனம் இருக்கு. 1917-ல கல்கத்தா இந்தியன் மியூசியத்துலேர்ந்து நெல்சன் அன்னண்டேல்னு ஒரு விலங்கியல் நிபுணர் வந்து ஏரியைப் பாத்துட்டுப் போயி அடுத்த வருஷம் இங்க இருக்குற மீனையும் மீன்பிடியையும் பத்தி விவரமா எழுதினார், இன்னைக்கும் ஆராய்ச்சி பண்றவங்க அதிலேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க. அவர் பேர் வச்ச மீன்ல ஒண்ணுக்கு அந்தக் காலத்து ஷான் சிற்றரசர் பட்டப்பேரான சௌப்வாவையே வச்சார். அது கட்டைவிரல் நீளம்கூட வராத, செதிலே இல்லாத குட்டி மீன், ஆண் மீனுக்குத் தலையும் வால் நுனியும் செக்கச்செவேல்னு இருக்கும். இப்ப அது அழியுற ஆபத்துல இருக்குற இனம்னு உலகப் பட்டியல்ல இருக்கு. மண்புழு மாதிரி மெல்லிசா ஒரு விலாங்கு வகையும் இருக்கு, அதுக்கு சௌதுரின்னு ஒரு இந்திய மீன் நிபுணர் பேரை வச்சாரு.

சாப்பாட்டு மீன்ல பெரிய ஆளு இந்தா கெண்டை (இந்தான்னா இந்த ஏரி மேல வாழ்ற ஜனங்களோட பேரு), பர்மா பாஷையில ஙபெயின். இங்க உள்ள மஞ்சச் சோத்து மீன் உருண்டை, அதான் தமின்ஜின், அதுக்கு பழைய ஆளுங்க இந்த மீனைத்தான் கேப்பாங்க. அப்புறம் இங்க உள்ள சின்ன விரால் ஒண்ணு, அதுக்கு அப்ப பர்மா லெப்டினன்ட் கவர்னரா இருந்த ஹார்கோர்ட் பட்லர் பேரு. ஏன் இங்க மட்டும் இத்தனைன்னா, ஏரி பழசு, மலை சுத்தி இருக்குறதால வெளி ஆத்து மீன் ஈஸியா ஏறி வர முடியாது, தண்ணி வெளிய போறது தெக்க பிலு சௌங் வழியாத்தான், அதுவும் கீழ லோபிதா அருவியில விழுந்துதான் போகுது.

அப்ப ஏன் சந்தையில ஜிலேபி மீனே குமிஞ்சு கிடக்கு?

ஜிலேபி, அதாவது திலாப்பியா, வெளியிலேர்ந்து வந்தது. ஆப்பிரிக்கா மீன். அது பெருகுறதைப் பாத்தா ஆச்சரியமா இருக்கும். தாய் மீன் முட்டையை வாயிலயே வச்சு பொரிச்சு, குஞ்சு நீந்துற வரைக்கும் வாயிலயே காவல் வைக்கும், அதனால நிறைய பொழைக்கும். சின்ன சைஸ்லயே முட்டை போட ஆரம்பிச்சுடும், வருஷத்துல பல தடவை போடும். பாசி, செடி, புழு, மத்த மீன் முட்டை, எது கிடைச்சாலும் சாப்பிடும், கலங்கல் தண்ணியும் தாங்கும். ஙபெயின் அப்படி இல்ல, கெண்டை இனம், ஒட்டுற முட்டையை செடி மேல போட்டுட்டுப் போயிடும், செடி போனா முட்டைக்கு இடமே இல்ல. இதுக்கு மேல புல்கெண்டையும் ஏரிக்குள்ள வந்து சேந்திருக்கு, அது சாப்பிடுறதே அந்த செடியைத்தான்.

ஆனா மொத்தத்துல மீன் கிடைக்குதே, அப்புறம் என்ன கவலை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்பவும் நின்னு பதில் சொல்வேன். கிலோ கணக்கு மட்டும் பாத்தா ஏரி நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும். வலையில ஏறுறது பெரும்பாலும் ஜிலேபி, சொந்த மீன் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா கூடையிலேர்ந்து காணாமப் போகுது, மொத்த எடையில அது தெரியவே தெரியாது. ஏழைக் குடும்பத்துக்கு ஜிலேபி பெரிய உதவி, அதை நான் மறுக்கல, மலிவு விலையில புரதம் வேற எங்க கிடைக்கும். ஆனா ஜிலேபி உலகம் பூரா குளத்துல வளக்கலாம், ஙபெயினும் சௌப்வா மீனும் இந்த ஒரு ஏரியில போச்சுன்னா பூமியில வேற எந்த ஏரியிலயும் இல்ல. அதனால யாராவது ஏரி எப்படி இருக்குன்னு கேட்டா எத்தனை டன் பிடிச்சாங்கன்னு பாக்காதீங்க, கூடையில எத்தனை வகை இருந்துச்சு, அதுல இந்த ஊர் மீன் எவ்வளவுன்னு பாருங்க.

ஏரியில எவ்வளவு மீன் இருக்குன்னு எப்படிக் கணக்கு போடுறாங்க, எண்ண முடியுமா?

எண்ண முடியாது, ஆனா மதிப்பு போடலாம். ஒரு வழி அடையாளம் போட்டு மறுபடி பிடிக்கிறது. உதாரணத்துக்கு வச்சுக்குவோம், 200 மீன் பிடிச்சு துடுப்புல சின்ன அடையாளம் போட்டு விடுறீங்க, கொஞ்ச நாள் கழிச்சு 150 பிடிக்கிறீங்க, அதுல 15-ல அடையாளம் இருக்கு. அப்ப பத்துல ஒண்ணு அடையாள மீன், நாம விட்டது 200, ஆக மொத்தம் 2000 இருக்கலாம். அடையாள மீன் நல்லா கலந்திருக்கணும், இடையில நிறைய சாகக்கூடாது, வெளிய போயிருக்கக்கூடாது, இல்லன்னா கணக்கு தப்பும். குளத்துக்கு இது சரி, இவ்வளவு பெரிய ஏரிக்குக் கஷ்டம்.

இன்னொரு வழி மீனவங்களே பண்ணக்கூடியது, ஒரே அளவு கண்ணி உள்ள ஒரே நீள வலையை ஒரு ராத்திரி போட்டா எவ்வளவு ஏறுதுன்னு வருஷா வருஷம் எழுதி வைக்கிறது. நாலு மணி நேரம் போட்டு எடுத்த அதே அளவு மீனுக்கு இப்ப ராத்திரி பூரா கிடக்கணும்னா, சந்தைக்கு வர்ற மீன் குறையாட்டிகூட ஏரியில மீன் குறைஞ்சிருக்கு. கண்ணியோட அளவு முக்கியம், ஏன்னா பெரிய மீன் தீர்ந்ததும் எல்லாரும் சின்னக் கண்ணி நைலான் வலைக்கு மாறுவாங்க, அப்ப எடை கொஞ்ச காலம் குறையாது, ஆனா முட்டை போடாத குஞ்சா ஏறிக்கிட்டு இருக்கும்.

காலால துடுப்பு போட்டு பெரிய கூடை வச்சு பிடிக்கிறாங்களே, அது நிஜமா, டூரிஸ்ட்டுக்காகவா?

கால் துடுப்பு நிஜம். இந்தா மக்கள் படகோட கடைசியில ஒத்தைக் கால்ல நின்னு இன்னொரு காலைத் துடுப்புல சுத்தித் தள்ளுவாங்க. நின்னாத்தான் நாணல், செடிக்கு மேல பாத்து வழி தெரியும், தண்ணிக்குள்ள மீன் போறதும் தெரியும், கை ரெண்டும் வலைக்கு ஃப்ரீ. மூங்கில் கூம்புக் கூடையும் நிஜமா இருந்த தொழில்தான், நம்ம ஊர்ப்பக்கம் கம்மாய் வத்தும்போது ஊத்தா குத்துவாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க பாருங்க, அந்த சாதி. அடி வரைக்கும் அழுத்தி, மேல ஓட்டை வழியா கம்பால குத்திக் கலைச்சா மீன் உள்ள இருக்குற வலையில மாட்டும். ஆழமில்லாத தெளிஞ்ச தண்ணியிலதான் இது நடக்கும். இப்ப சூரியன் உதிக்கிறப்ப கூடையைத் தூக்கி நிக்கிறவங்க நிறைய பேர் போட்டோவுக்காக நிக்கிறவங்கதான், பொழைப்புக்குப் பிடிக்கிறவங்க செவுள் வலை விரிச்சு, துடுப்பால தண்ணியை ஓங்கி அடிச்சு மீனை வலைப்பக்கம் விரட்டுவாங்க. போட்டோ எடுத்தா காசு குடுத்துடுங்க, அதுவும் அவங்க உழைப்புதான்.

மிதக்குற தக்காளித் தோட்டத்தாலதான் மீன் குறையுதா?

ஒரு பெரிய காரணம், ஒரே காரணம் இல்ல. பாசியும் ஆகாயத்தாமரையும் சேறும் சேத்துக் கட்டின மிதக்குற பாத்தியை மூங்கில் குத்தி நிறுத்தி தக்காளி போடுறாங்க, ரங்கூன், மண்டலே வரைக்கும் அந்தத் தக்காளி போகுது. 1935-லயும் 2000-த்துலயும் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பாத்த ஆராய்ச்சியில திறந்த தண்ணி 69 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 47-க்கு இறங்கிடுச்சுன்னு வந்துச்சு, மூணுல ஒரு பங்கு போச்சு. சமீப காலத்துல போனதுல பெரும்பகுதி மேக்குக்கரைத் தோட்டம்தான். பாத்தி பழசானா கனமாகி அங்கயே நிலமா மாறிடும். உரமும் பூச்சி மருந்தும் நேரா தண்ணிக்குள்ள, நடுவுல வடிகட்ட மண்ணே கிடையாது.

ஆனா தோட்டக்காரரை மட்டும் திட்டுறது நியாயம் இல்ல. மலையில மரம் வெட்டின இடத்துலேர்ந்து காலோ ஆறு, இந்தெய்ன் ஆறு எல்லாம் ஒவ்வொரு மழைக்கும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுது, வீட்டுக் கழிவும் ஹோட்டல் கழிவும் வேற. 2010 வறட்சியில தண்ணி ரொம்ப இறங்கி படகு போக முடியாத இடமெல்லாம் வந்துச்சு, அப்பதான் நிறைய பேருக்கு இந்த ஏரிகூட இல்லாமப் போகலாம்னு உறைச்சுது. கீழ லோபிதா மின்சார நிலையம் 1960-லேர்ந்து ஓடுறதும் இந்தத் தண்ணியை நம்பித்தான்.

பாதுகாக்கப்பட்ட இடம்னா ஏன் மீன் பிடிக்க விடுறாங்க?

1985-லயே வனவிலங்கு சரணாலயம், 2015-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம், 2018-ல ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு பட்டியல்ல சேத்தது. இதுல எதுவும் ஏரி மேலயே பொறந்து வளந்த ஜனங்களை வெளியேத்துறதுக்கு இல்ல, உயிர்க்கோளக் காப்பகம்னாலே மனுஷனும் சேந்து வாழ்ற இடம்னுதான் கணக்கு.

எந்த மாசம் பிடிக்கக்கூடாது?

மழை ஆரம்பிச்சு தண்ணி ஏறுற நேரம். அப்ப கரையோரப் புல்லு, நாணல் எல்லாம் முங்கும், நிறைய மீன் அங்க போயித்தான் முட்டை போடும். அந்த நேரம் கரையோரம் வலையைக் கட்டினா ஒரு மீனோட அடுத்த தலைமுறையையும் சேத்து எடுத்துடுறோம். சட்டப்படியும் பர்மாவுல முட்டை போடுற சீசன்ல தடை உண்டு, இந்த வருஷம் எந்தத் தேதின்னு நியாங்ஷ்வே மீன்வளத்துறையில கேட்டுக்குங்க. இந்தா கிராமத்துல பெரியவங்ககிட்ட எங்க முட்டை போடுதுன்னு கேட்டா அவங்களுக்கு இடம் இடமா தெரியும்.

பேட்டரி கரண்ட் வச்சுப் பிடிச்சா ஈஸின்னு சொல்றாங்களே?

பண்ணாதீங்க. 1991 நன்னீர் மீன்வளச் சட்டப்படியே கரண்ட், வெடி, விஷம் மூணும் குத்தம். சட்டத்தை விடுங்க, கரண்ட் பெருசு சிறுசு பாக்காது, எடுக்குற பத்து மீனுக்குப் பின்னாடி அடியில சாகுறது யார் கண்ணுக்கும் தெரியாது, பொழைச்ச மீனுக்கும் முதுகெலும்பு உடைஞ்சிருக்கலாம். ஆழமில்லாத தண்ணியில தப்பிக்க வழியே இல்ல. ஈரத்துல நிக்கிற ஆளும் செத்திருக்காங்க.

திஞ்சான் (பர்மா புத்தாண்டு) சமயத்துலயும் கசோன் மாசப் பௌர்ணமிக்கும் மீன் விடுறோமே, புண்ணியம்தானே?

இங்க பர்மாக்காரங்க செய்யுறதைப் பாத்து நம்ம வீட்டுலயும் பிள்ளைங்க பொறந்தநாளுக்கு, உடம்பு சரியில்லாம பொழைச்சு வந்தா மீன் வாங்கி விடுற பழக்கம் வந்துடுச்சு. பழைய வழக்கம் என்னன்னா கோடையில வத்திப்போற குட்டையில துடிக்கிற மீனை அள்ளி பக்கத்துல தண்ணி இருக்குற இடத்துல விடுறது. அது அருமையான காரியம், அதே ஏரியோட மீன் அதே ஏரிக்குத் திரும்புது. இப்ப நடக்குறது வேற, சந்தையில பண்ணையில வளத்த ஆப்பிரிக்கத் தேளியும் ஜிலேபியும் வாங்கி ஏரியில விடுறாங்க. ஆப்பிரிக்கத் தேளி குஞ்சு, தவளை, பூச்சி எதையும் விடாது, நாம ஒரு உயிரைக் காப்பாத்தினதா நினைக்கிறோம், அது எத்தனை உயிரை எடுக்குதோ. விடணும்னு ஆசை இருந்தா, வத்துற வாய்க்கால்ல மாட்டின மீனைத் தூக்கி விடுங்க அக்கா, மாமியார் கேட்டா இதுதான் பழைய முறைன்னு சொல்லுங்க, உண்மையும் அதான்.

மீன் குஞ்சு நிறைய வாங்கி விட்டா ஏரி பழையபடி ஆகிடாதா?

ஆகாது. செடி இல்ல, முட்டைக்கு இடம் இல்ல, ஒளிய இடம் இல்லன்னா விட்ட குஞ்சு மத்த மீனுக்கு சாப்பாடாப் போகும். ரோகு குஞ்சு விடலாமான்னும் கேக்குறாங்க, ரோகு நம்ம டெல்டாப் பக்கப் பண்ணை மீன், அங்க நல்லாவே வளருது, அங்கயே இருக்கட்டும்.

தொட்டியில வைக்க இன்லே குட்டி மீன் பிடிச்சுட்டு வரலாமா?

ஏரியிலேர்ந்து பிடிக்காதீங்க. 2006-ல இன்லேக்குக் கிழக்க ஹோபோங் பக்கம் ஒரு குட்டையில உடம்பெல்லாம் முத்துப்புள்ளி வச்ச ஒரு குட்டி மீன் கண்டுபிடிச்சாங்க, படம் வெளிய வந்ததும் உலகம் பூரா தொட்டி வளக்குறவங்க கேக்க ஆரம்பிச்சு, கொஞ்ச மாசத்துலயே அந்த இடத்துல மீனே மிஞ்சாதோன்னு பயம் வந்துடுச்சு. அப்புறம் தொட்டியிலயே அதை இனப்பெருக்கம் பண்ணக் கத்துக்கிட்டாங்க. சௌப்வா மீனும் தொட்டியில குஞ்சு பொரிக்கும், ஆசைப்பட்டா அப்படி வளத்ததை விக்கிறவங்ககிட்ட வாங்குங்க. சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணி, ரொம்ப சூடு இல்லாத இடம், கூட்டமா வைக்கணும், ரங்கூன் ஏப்ரல் வெயில்ல கஷ்டம்தான்.

ஏரி ஜிலேபியில சேத்து வாடை அடிக்குது, என்ன பண்றது?

அது மீன் கெட்டது இல்ல. தண்ணியில இருக்குற சில பாசியும் நுண்ணுயிரும் விடுற ஒரு பொருள் மீன் கொழுப்புல ஏறிடும், மழை பெஞ்ச மண்ணுல வர்ற அதே வாடைப் பொருள்தான். புளிப்பு பட்டா அது குறையும், அதனால புளித்தண்ணியிலயோ எலுமிச்சை உப்புலயோ அரை மணி நேரம் ஊறவச்சுக் கழுவுங்க, தோலையும் வயித்து ஓரம் இருக்குற கொழுப்பையும் எடுத்துடுங்க. நல்லா புளி கரைச்ச குழம்புக்கு ஜிலேபி ஒத்து வர்றதும் அதனாலதான், வறுவலுக்குப் போட்டா வாடை கொஞ்சம் நிக்கும்.

தூண்டில் போடலாமா?

தனி ஆளு தூண்டிலால ஏரிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா யாரோட தோட்ட வாய்க்கால்லயும் கேக்காம உக்காராதீங்க, சரணாலயத்துக்குள்ள எங்க அனுமதின்னு கேட்டுக்குங்க. மாவு உருண்டைக்கு ஜிலேபி வரும், மண்புழுவுக்கு விராலும் வரும். சின்ன ஙபெயின் வந்தா கையை நனைச்சுட்டுப் பிடிச்சு விட்டுடுங்க, ஜிலேபி எந்த சைஸ் வந்தாலும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. 2025 மார்ச் பூகம்பத்துல ஏரி மேல இருக்குற கிராமத்துல வீடுங்க நிறைய சாஞ்சுது, இப்பவும் தண்ணிக்குள்ள உடைஞ்ச மரமும் ஆணியும் கிடக்கலாம், இறங்கி நடக்காதீங்க.

சந்தையில முட்டையோட ஙபெயின் வந்தா வாங்கலாமா, முட்டை வறுவல் ருசின்னு எங்க அப்பத்தா கேக்குறாங்க?

ருசிதான், தெரியும். ஆனா அந்த ஒரு மீன் வயித்துல இருக்குறது ஆயிரக்கணக்குல முட்டை, நாம நல்ல விலை குடுத்தா மழை சீசன்ல அதையே குறிவச்சுப் பிடிப்பாங்க. அப்பத்தாவுக்கு ரோகு முட்டை வாங்கிக் குடுங்க, பர்மா பேரு ஙமிச்சின், பண்ணை மீன், மிளகும் மஞ்சளும் தூக்கலாப் போட்டு சின்ன தீயில வறுத்தா போதும். ஙபெயின் சாப்பிட ஆசைன்னா முட்டை சீசன் முடிஞ்சப்புறம் பெரிய மீனா ஒண்ணு வாங்கி தமின்ஜின் பண்ணுங்க.